மலையும் ஏரியும் இருந்தும் படம் சப்பென்று இருக்கிறது, எங்கே கை வைப்பது?

வணக்கம் நண்பர்களே. இயற்கைக் காட்சிகளைப் படம் எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். 18-55 எம்எம் ஜூம் லென்ஸ், டிரைபாட், அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப்/11, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு). ஃபோகஸெல்லாம் சரியாகவே வருகிறது. ஆனாலும் நேரில் பார்த்த பிரமாண்டம் படத்தில் இல்லை.

இணைத்திருக்கும் படத்தைப் பாருங்கள். தூரத்தில் மலைத்தொடர், நடுவில் ஏரி, கீழே வெறும் புல்வெளி. அடிவானத்தை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில்தான் வைத்தேன். விதிப்படி சரிதான், ஆனால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைகிறது. அகலக் கோணமான 18 எம்எம்மில் மலை வேறு சின்னதாகச் சுருங்கிவிட்டது. இடது ஓரத்தில் பாதி தெரிகிற பாறையை முன்புறத்துக்குக் கொண்டுவந்து, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் ஆழம் கிடைக்குமா? இல்லை, 55-க்கு ஜூம் செய்து மலையையும் ஏரியில் விழும் அதன் பிம்பத்தையும் மட்டும் பிடிப்பது நல்லதா? எனக்கென்னவோ இரண்டாவதுதான் பிடிக்கிறது.

எடிட்டிங்கில் வானம்தான் தலைவலி. ஹைலைட்ஸை (வெளிச்சப் பகுதிகளை) குறைத்து, ஷேடோஸையும் (இருண்ட பகுதிகளையும்) கிளாரிட்டியையும் (விளிம்புகளை எடுப்பாக்கும் அமைப்பையும்) ஏற்றினால் மேகங்கள் தெளிகின்றன, ஆனால் மலை விளிம்பு நெடுக வெள்ளையாக ஒளிவட்டம் விழுகிறது. கிளாரிட்டியை இறக்கினால் அது போகிறது, கூடவே படமும் சோர்ந்துவிடுகிறது. வானத்துக்கு மட்டும் கிராஜுவேட்டட் மாஸ்க் (மாற்றத்தை ஒரு பக்கமிருந்து படிப்படியாக மங்கவிடும் தேர்வு) போடுகிறவர்கள், அதில் மாட்டிக்கொள்ளும் மலை முகட்டை எப்படி விடுவிக்கிறீர்கள்? எக்ஸ்போஷரை (ஒளி அளவை) மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து இணைப்பது இதற்கு அவசியமா?

சாச்சுரேஷனைக் கூட்டச் சொல்லாதீர்கள், புல்லுக்குப் பச்சை பெயிண்ட் அடித்த மாதிரி ஆகிவிடும். அப்புறம், எங்கே கிராப் செய்வீர்கள் என்று படத்திலேயே கோடு போட்டுக் காட்டினாலும் சரி. ரா ஃபைல் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.