‘நீர்ப்புகா’ ஒன்றே போதுமா?

வணக்கம். தையல் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில் நீங்கள் எழுதியது:

> வாட்டர்புரூஃப், வாட்டர் ரிப்பெல்லன்ட் இரண்டுக்கும் ‘நீர்ப்புகா’ என்றே போட்டுவிடலாம். பை தைப்பவர்களுக்கு இந்த நுணுக்கம் எதற்கு?

அவர்களுக்குத்தான் ஐயா முதலில் தேவை. போன ஐப்பசியில் மகளுக்குக் கித்தானில் ஒரு புத்தகப் பை தைத்தேன். தேன்மெழுகையும் பாரஃபினையும் உருக்கிப் பூசி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி இழைக்குள் இறக்கினேன். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஒருநாள் மழையில் வீடு வந்தாள். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடித்தையல் ஓடிய வரிசையில் மட்டும் நோட்டின் ஓரம் ஊறி, மை பரவிக் கிடந்தது. நான் போட்டது 16-ஆம் நம்பர் ஊசி. அதன் தண்டு 1 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால் எட்டு ஓட்டை.

நீர் துணிமேல் பரவாமல் திரள்வது மேற்பரப்பின் குணம். துளி துணியைத் தொடும் கோணம் 90 பாகையைத் தாண்ட வேண்டும். தாமரை இலையில் 150-ஐயும் தாண்டுகிறது. அதே துணியைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தால் இழை இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். அழுத்தினாலும் விடாதது, உட்புறம் பாலியூரித்தேன் பூசிய நைலான் மாதிரித் துணி. எத்தனை மில்லிமீட்டர் உயர நீரைத் தாங்குகிறது என்று அதை அளப்பார்கள். ‘புகா’ என்பது இதற்கே பொருந்தும்.

நீர் திரண்டு ஓடும் வகைக்கு, அதாவது வாட்டர் ரிப்பெல்லன்டுக்கு, ‘நீரொட்டா’ என்று வைக்கலாம்: நீரொட்டாத் துணி, நீரொட்டாமை. பூசுகிற பொருளுக்கு ‘நீர்விலக்கி’. சிலர் எழுதும் ‘நீர் எதிர்ப்பு’ வேண்டாம். அது ஒட்டவில்லையா, புகவில்லையா என்று சொல்வதில்லை. மெழுகேற்றிய துணிக்கு மெழுகுசீலை என்ற பழஞ்சொல் இருக்கிறது. ஊசித்துளைகளை மூடும் வேலைக்கு ‘தையலடைப்பு’ சரிவருமா?

---

> தையலடைப்பு

வணக்கம் அக்கா. நீரொட்டா நல்ல சொல். வாயிலும் எளிதாக வருகிறது. மெழுகுசீலை என்றால் எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் புடவையை எடுத்துப் போடுவார்கள். ‘மெழுகுத்துணி’ போதும்.

அடைப்பு என்றதும் சாக்கடையும் இதயமும்தான் நினைவுக்கு வருகின்றன. வேண்டாத இடத்தில் விழுவதைத்தான் இன்று அடைப்பு என்கிறோம். நான் கடற்கரைக்காரன். படகுப் பலகை இடுக்கில் பஞ்சு திணித்து நீர் கசியாமல் செய்வதற்குக் ‘கலப்பத்து’ என்று பெயர். போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்து தமிழாகிவிட்ட சொல். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளும் ஆணியில்லாமல் கயிற்றால் தைத்தவைதானே. அங்கும் தையல் வழியேதான் கசியும், அங்கேதான் திணிப்பார்கள். உங்கள் பைக்கும் அதே நோய், அதே மருந்து. ‘தையல் கலப்பத்து’ என்று என் பட்டியலில் எழுதிக்கொண்டேன். தைக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு வாயில் வராவிட்டால் மாற்றிவிடுவோம்.