நந்திக்கடல் பக்கம் குடில் எடுப்பது பற்றி

கேள்வி: முல்லைத்தீவில், நந்திக்கடல் களப்புக்கும் கடற்கரைக்கும் அண்மையில், வயதான அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துச்சென்று மூன்று நாட்கள் தங்குவதற்கு ஒரு குடிலை வாடகைக்கு எடுக்க எண்ணியுள்ளேன். எந்த மாதம் ஏற்றது?

மறுமொழி 1: ஒக்டோபர் முதல் சனவரி வரை வடகீழ்ப் பருவமழையால் களப்பு நிரம்பும், கடலும் கொந்தளிக்கும் என்பதால், சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் யூன், யூலை மாதங்களைத் தெரிவுசெய்யுங்கள்; வெயில் கடுமையாக இருக்கும், ஆனால் கடல் அடங்கியிருக்கும். கரையோரக் கிணறுகள் சில உவர்ப்பானவை, ஆகவே குடிநீர் வசதியை முதலில் விசாரியுங்கள். அம்மாவுக்காக, மலசலகூடம் குடிலுக்குள்ளேயே உள்ளதா என்றும் கேளுங்கள்.

மறுமொழி 2: வைகாசி விசாகத்தையொட்டி வற்றாப்பளை அம்மன் பொங்கல் நடைபெறும், அந்நாட்களில் இடம் கிடைப்பது கடினம். இன்னொன்று: 2009இல் எண்ணற்ற உறவுகளை இழந்த மண் இது. மே 18 முள்ளிவாய்க்காலில் நினைவேந்தல் நடைபெறும் நாள் என்பதால், அவ்வாரத்தில் உல்லாசப் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. யூலையில் வருகிறோம்.