ஒரே தட்டில் சாப்பிட்டால் மனம் மாறிவிடுமா?

வெயிலோன் (இரவு 9:12)

மால்கம் எக்ஸ் மெக்காவிலிருந்து எழுதிய கடிதத்தை நேற்று மறுபடி படித்தேன். 1964 ஏப்ரல் 20ஆம் தேதியிட்டது. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர். 12 வருடம் ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ என்ற கறுப்பின முஸ்லிம் இயக்கத்தின் மேடைகளில், வெள்ளைக்காரன் பிறவியிலேயே சாத்தான் என்று பேசியவர். ஒருமுறை வெள்ளைக்கார மாணவி ஒருத்தி தேடி வந்து, “நான் என்ன செய்யலாம்?” என்று கேட்டபோது, “ஒன்றும் செய்ய முடியாது” என்று சொல்லி அழ வைத்து அனுப்பியவர். அந்த இயக்கத்தை விட்டு 1964 மார்ச்சில் விலகினார். ஏப்ரலில் ஹஜ் போனார். போன இடத்திலிருந்து எழுதுகிறார்: நீலக் கண்ணும் வெள்ளைத் தோலும் கொண்டவர்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டேன், ஒரே கிளாஸில் குடித்தேன், ஒரே விரிப்பில் படுத்தேன், இதுவரை நம்பியிருந்த சிலவற்றைக் கைவிட வேண்டியிருக்கிறது என்று.

எனக்குப் பிடித்த இடம் மெக்கா இல்லை, ஜெட்டா விமான நிலையம். அமெரிக்க பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், இவர் முஸ்லிம்தானா என்று சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டார்கள். அங்கே தொழுகைக்கு நிற்கிறார், முறை தெரியவில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரசங்கம் செய்தவருக்குக் கால் மடங்கவில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்து உட்காரப் பழகுகிறார். 38 வயதில் ஒண்ணாங்கிளாஸ்.

பயணம், நம்பிக்கை, நட்பு மூன்றும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட மனமும் இளகும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பழைய_ஜெட்டாக்காரன் (இரவு 9:40)

வந்துவிட்டேன்.

அதே ஜெட்டாவில் ஒன்பது வருடம் கிடங்கு வேலை பார்த்தவன் நான். அறையில் ஆறு பேர்: நான், கடலூர்க்காரர் ஒருவர், இரண்டு பாகிஸ்தானி, ஒரு வங்காளி, ஒரு சூடானி. நாங்களும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம். ஏனென்றால் கம்பெனி வேறு தட்டு தரவில்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒரே வேலைக்கு பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்துச் சம்பளம். அந்த பாஸ்போர்ட்டும் கம்பெனி அலமாரியில். இக்காமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, புதுப்பிக்க மூன்று மாதம் தாமதமானது. அந்த மூன்று மாதமும் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகக்கூட வங்காளிப் பையனுக்குப் பயம், வழியில் பிடித்துவிடுவார்களோ என்று. அவனும் முஸ்லிம், பிடிக்கப் போகிறவனும் முஸ்லிம். பயணம் இருந்தது, நம்பிக்கை இருந்தது. எந்த மனம் இளகியது?

மால்கமுக்கு என்ன நடந்தது என்பதையும் முழுதாகச் சொல்லுங்கள். நியூயார்க்கில் ஒருவர் கொடுத்த தொலைபேசி எண் கையில் இருந்தது. கூப்பிட்டார். எதிர்முனையில் சவூதி இளவரசர் ஃபைசலின் சம்பந்தி வீடு. அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீகின் முதல் பொதுச் செயலாளர் அப்துல் ரஹ்மான் அஸ்ஸாம் தன் ஹோட்டல் அறையையே காலி செய்து கொடுத்தார். பிறகு அரச விருந்தாளி, போகவர ஒரு கார். சவூதியில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1962 நவம்பரில். இவர் போய் இறங்கியபோது அதற்கு ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. முன்தினம் வரை அடிமையாக இருந்தவன் எவனாவது அவருக்குத் தட்டு கழுவியிருப்பான். அவன் ஒரு கடிதம் எழுதியிருந்தால் அதையும் நாம் படிக்கலாம்.

வெயிலோன் (இரவு 10:05)

> எந்த மனம் இளகியது?

அண்ணே, அறை கொடுத்த அஸ்ஸாமின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் இருந்திருந்தால் அவரை வெள்ளையர் கணக்கில்தான் சேர்த்திருப்பார்கள் என்று மால்கமே சொல்கிறார். ‘என்னால் இவருக்கு நயா பைசா லாபமில்லை, பிறகு ஏன் இதைச் செய்கிறார்?’ என்ற கேள்விதான் அவரைக் குடைந்தது. ஹோட்டல் மெத்தை இல்லை.

அப்புறம், அந்த அழுத மாணவியை அவர் மறக்கவில்லை. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று பின்னால் வருந்தினார். வாயில் வந்ததைத் திரும்ப எடுக்கிற தலைவர்கள் எத்தனை பேர்?

தேதிக்காரர் (இரவு 10:31)

உணர்ச்சி போதும், காலண்டரைப் பார்ப்போம்.

1959லேயே மால்கம் எகிப்து, சவூதி, சூடான் என்று சுற்றியிருக்கிறார். அதே ஜெட்டா. திரும்பி வந்து இன்னும் ஐந்து வருடம் ‘வெள்ளைச் சாத்தான்’ பேச்சு. பயணத்துக்கு அந்தச் சக்தி இருந்தால் முதல் தடவை ஏன் வேலை செய்யவில்லை?

இரண்டாவது தடவைக்கு முன் நடந்ததைப் பாருங்கள். குருவாக நினைத்த இயக்கத் தலைவர் எலைஜா முஹம்மது தன் அலுவலகப் பெண்களிடம் பிள்ளை பெற்ற விவகாரம் தெரியவருகிறது. 1963 டிசம்பரில், கென்னடி கொலை பற்றிப் பேசியதற்காக இவர் வாயைக் கட்டுகிறார்கள். மார்ச் 8 விலகல் அறிவிப்பு. மார்ச் 12 பத்திரிகையாளர் கூட்டத்தில், மற்றக் கறுப்பினத் தலைவர்களோடு சேர்ந்து வேலை செய்யத் தயார் என்கிறார். மார்ச் 26 மார்ட்டின் லூதர் கிங்கோடு கைகுலுக்குகிறார். ஏப்ரல் 3 கிளீவ்லாந்தில், மதத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், சேர்ந்து போராடலாம் என்று பேசுகிறார். ஏப்ரல் 13தான் விமானம் ஏறுகிறார்.

ஆக, மனம் கிளம்புவதற்கு முன்பே புரண்டுவிட்டது. மெக்காவில் விழுந்தது முத்திரை மட்டும். குரு கைவிட்டதால் மாறியவர், அதை இறைவன் கணக்கில் எழுதிக்கொண்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அரசியல்வாதிக்கு ‘நான் தப்பாகப் பேசிவிட்டேன்’ என்பதைவிட ‘எனக்குக் கண் திறந்தது’ என்பது கௌரவமான வாக்கியம்.

நடைச்சாமி (இரவு 11:02)

தேதிக்காரர் சொல்வதில் பாதிதான் எனக்குச் சரி. வேறு கோணத்தில் ஜெட்டாக்காரர் பக்கம் நிற்கிறேன்.

பதினோரு வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்திருக்கிறேன். மாலை போட்டதும் எல்லோரும் ‘சாமி’. பெயர் கிடையாது, சாதி கிடையாது. வேடசந்தூருக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் என் குதிகால் கொப்புளத்தை ஒருவர் ஊசியால் குத்தி, நல்லெண்ணெய் தடவி, வேட்டி ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். கால் அவர் மடியில். எங்கள் ஊர்க்காரர்தான், ஆனால் எங்கள் தெருக்காரர் இல்லை. அதுவரை அவர் என்னைத் தொட்டதும் கிடையாது, நான் அவர் வீட்டு வாசல் மிதித்ததும் கிடையாது.

மலையேறி, மொட்டை போட்டு, பஸ்ஸில் திரும்பினோம். மறுநாள் டீக்கடை. அவர் வெளியே நின்றே குடித்தார். நான் உள்ளே பெஞ்சில். இருவரும் பார்த்துக்கொண்டோம். நான் எழுந்து போகவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். மாலையோடு சேர்த்து ‘சாமி’யையும் கழற்றி வைத்துவிட்டோம்.

எண்ணும்_எழுத்தும் (காலை 6:48)

நடைச்சாமி, இப்படி வெளிப்படையாக எழுதியதற்கு வணக்கம்.

ஒரு ஆய்வைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பயணம் ஆளை மாற்றுகிறதா, மாறத் தயாரானவர்தான் பயணம் போகிறாரா என்ற தேதிக்காரரின் கேள்வி பழையது. அதற்கு பாகிஸ்தானில் ஒரு வழி கிடைத்தது. அங்கே அப்போது ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்தவர்களைக் குலுக்கலில் எடுத்தார்கள். இருவருக்குமே போக ஆசை, ஒருவருக்குச் சீட்டு விழுந்தது, இன்னொருவருக்கு விழவில்லை. வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டும். 2006 குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள், விழாதவர்கள் என 1,600க்கும் மேற்பட்டவர்களிடம், யாத்திரை முடிந்து சில மாதம் கழித்துப் பேசினார்கள். கிளிங்கிங்ஸ்மித், குவாஜா, கிரெமர் மூவரும் 2009ல் வெளியிட்டார்கள். கிரெமர் பிறகு 2019ல் பொருளாதார நோபல் வாங்கியவர்.

போய் வந்தவர்களிடம் மற்ற இனத்தார், மற்றப் பிரிவினர் மீது இணக்கம் கூடியிருந்தது. பெண்கள் படிப்பதையும் வேலைக்குப் போவதையும் ஏற்பது கூடியிருந்தது. ஆக, பயணம் வேலை செய்கிறது.

ஆனால் எந்தப் பயணம்? உத்தரப் பிரதேசத்தில் மேட் லோ என்பவர் பல சாதி இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் லீக் நடத்திப் பார்த்தார். ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடம் வேறு சாதி நட்பு கூடியது. எதிரணியாக மோதியவர்களிடம் பெரும்பாலும் எதிர்மாறான விளைவு. ஒரே மைதானம், ஒரே பந்து. ஜெட்டாக்காரரின் கிடங்கில் சம்பளப் பட்டியலே ஆட்களை எதிரணியாக நிறுத்திவிட்டது என்று எனக்குப் படுகிறது.

கடற்கரைத்தெரு (காலை 8:20)

அந்த ஆய்வின் இன்னொரு பாதியை ஏன் விட்டுவிட்டீர்கள்? போய் வந்தவர்களிடம் தொழுகையும் நோன்பும் கூடியது, தாயத்து மாதிரி உள்ளூர்ப் பழக்கங்கள் குறைந்தன என்றும் அதில் இருக்கிறது. எனக்கு அதைப் படிக்க வேண்டியதில்லை, எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

நாங்கள் நாகூர். வாப்பாவுக்குக் குலுக்கலில் பெயர் வந்து போனார்கள். போகும் முன் எனக்குப் பத்தாவது போதும் என்று முடிவாகியிருந்தது. மெக்கா பக்கத்து மினா கூடாரத்தில் காய்ச்சல் வந்து கிடந்த வாப்பாவை, பக்கத்துக் கூடாரத்து மலேசியப் பெண் டாக்டர் ஒருவர் இரண்டு நாள் கவனித்திருக்கிறார். முக்காடு போட்டுக்கொண்டு, கணவனோடு ஹஜ்ஜுக்கு வந்த பிள்ளை. வாப்பா ஊருக்கு வந்து ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் பங்கு வைத்த கையோடு, பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பம் எங்கே வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். நான் இன்று ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அந்தக் காய்ச்சல்தான் காரணம்.

அதே வாப்பா, கையிலிருந்த தாயத்தைக் கழற்றினார்கள். தர்காவின் கந்தூரி விழாவுக்குப் போவதை நிறுத்தினார்கள். முப்பது வருடமாகக் கொடியேற்றத்தன்று வாப்பாவும் மீன் வியாபாரம் செய்யும் அவர்கள் கூட்டாளியும் சேர்ந்துதான் தர்காவுக்குப் போவார்கள். அவர் இந்து, நேர்ச்சை வைப்பதில் எங்களைவிடக் கறார். அந்த வருடம் வந்து வாசலில் நின்றார். வாப்பா உடம்பு சரியில்லை என்றார்கள். மறு வருடமும் வந்தார். அதற்கடுத்த வருடம் வரவில்லை.

மலேசியா வரை திறந்த கதவு, நாலு வீடு தள்ளி அடைத்துக்கொண்டது. இதை வெயிலோன் எந்தக் கணக்கில் எழுதுவார்? கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகத் தெரியாமல் கேட்கிறேன்.

வெயிலோன் (காலை 9:15)

பதில் இல்லை, சகோதரி.

தேதிக்காரர் (காலை 9:50)

மால்கம் கதையிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. 1964 பிப்ரவரியில் முகமது அலி குத்துச்சண்டை உலகப் பட்டம் வென்றபோது பக்கத்தில் நின்றவர் மால்கம். மூன்று மாதம் கழித்து, மே மாதம், கானாவின் அக்ரா நகரில் ஒரு ஹோட்டல் வாசலில் தற்செயலாக எதிரெதிரே வருகிறார்கள். மால்கம் வெள்ளை அங்கி, தாடி, கையில் தடி. வாய் நிறையக் கூப்பிடுகிறார். அலி, எலைஜா முஹம்மதின் பக்கம் இருந்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இருவரும் பயணத்தில்தான் இருந்தார்கள், இருவருக்கும் நம்பிக்கைக்குக் குறைவில்லை. 1965 பிப்ரவரி 21ல் மால்கமைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அலி 1972ல் ஹஜ் போனார், பிறகு மால்கமின் வழிக்கே வந்தார். அவருக்கு முதுகு காட்டியது என் வாழ்க்கையில் மிகவும் வருந்துகிற தவறுகளில் ஒன்று என்று 2004ல் எழுதினார். யாரிடம் சொல்வது?

வெயிலோன் (காலை 10:22)

அதே கானாவில்தான் அல்ஜீரியத் தூதர் ஒருவர் மால்கமிடம் ஒரு கேள்வி கேட்டார். பிரான்ஸை எதிர்த்துப் போராடிய ஆள், பார்க்க வெள்ளைத் தோல். “உங்கள் கொள்கை கறுப்பு தேசியம் என்றால், எனக்கு அதில் எங்கே இடம்?” மால்கமிடம் பதில் இல்லை. அதன்பிறகு அந்தச் சொல்லையே மாதக்கணக்கில் தவிர்த்ததாக 1965 ஜனவரியில் சொன்னார். கிளம்பும்போதே மாறியிருந்தார் என்கிறீர்களே, இது கிளம்பின பிறகு நடந்தது. மெக்காவில்கூட இல்லை.

இன்னொன்று. அந்த ஹஜ் செலவுக்குப் பணம் கொடுத்தது அவருடைய அக்கா எல்லா. தான் ஹஜ் போகச் சேர்த்து வைத்த பணம்.

பழைய_ஜெட்டாக்காரன் (மதியம் 1:30)

சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். கிரிக்கெட் கணக்கு எனக்குப் பிடித்தது. ஆனால் ஒரு திருத்தம்: எங்கள் கிடங்கில் அணி பிரித்தது சம்பளப் பட்டியல்தான், அறையில் அந்தப் பட்டியல் செல்லாது. ஃபூல் என்று ஒரு அவரைக் குழம்பு உண்டு. சூடானி அதை மசித்து எண்ணெய் விட்டு வைப்பான், குப்பூஸைப் பிய்த்து ஆறு பேரும் தோய்ப்போம். என் ஓரத்தில் மட்டும் பச்சை மிளகாய் போடுவான், கேட்காமலே. என் அம்மா இறந்த அன்று விடுமுறை கிடைக்கவில்லை. அவன் தொழுதுவிட்டு வந்து இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பேசவில்லை. எங்களுக்குள் பொதுவாக இருந்ததே நாற்பது ஐம்பது அரபுச் சொற்கள், அதில் பாதி கிடங்குச் சாமான்கள்.

இதை வைத்து நான் கட்சி மாறிவிட்டேன் என்று எழுதாதீர்கள். அந்த ஊர் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை என்பதில் இன்றும் மாற்றமில்லை.

கடற்கரைத்தெரு (மதியம் 1:52)

அவர் இப்போது எங்கே அண்ணே?

பழைய_ஜெட்டாக்காரன் (மதியம் 2:10)

2021ல் ஊர் திரும்பினான், ஓம்துர்மானுக்கு. 2023 ஏப்ரலில் அங்கே சண்டை தொடங்கியது. அதுவரை வெள்ளிக்கிழமை தவறாமல் வாட்ஸப்பில் ரோஜாப்பூப் படம் அனுப்புவான், எனக்கு அது எரிச்சலாக இருக்கும். இப்போது நான் அனுப்புகிறேன். ஒற்றை டிக்தான் விழுகிறது.

மணி ஆகிவிட்டது, லோடு வந்து நிற்கிறது. மீதியை இரவு வந்து எழுதுகிறேன்.