டிஃபால்ட் கேட்வேக்குத் தமிழ்: வெள்ளிக்குள் வேண்டும்

திருமங்கலம், பாலிடெக்னிக் ஆசிரியர்:
ஐயா, அண்ணன்மாரே, ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கட்டளை அடித்து நெட்வொர்க் அமைக்கும் பாடத்தில், 'ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 192.168.1.1' என்ற வரியில் நிற்கிறேன். கட்டளையில் கை வைக்க முடியாது. விளக்கத்துக்குத்தான் சொல் வேண்டும்: உள் நெட்வொர்க்கைத் தாண்டிப் போகும் தரவை வாங்கி வெளியே அனுப்பும் ரவுட்டர்தான் டிஃபால்ட் கேட்வே. இந்த வரியை விட்டுவிட்ட பையனுக்குப் பக்கத்து மேசைக் கணினி பிங்குக்கு ('இருக்கிறாயா' என்ற சோதனைக் கேள்விக்கு) பதில் சொல்லும். வெளியே கேட்டால் 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்' என்று வரும். ஏன் என்பது சொல்லைப் பார்த்தாலே தெரியவேண்டும்.

மேலூர்:
'இயல்புநிலை நுழைவாயில்' புழக்கத்தில் இருக்கிறதே தம்பி. எடுத்துப் போடுங்கள்.

திருமங்கலம்:
பாக்கெட் (தரவுத் துண்டு) வெளியே போகிற இடத்துக்கு 'நுழை' என்று பெயர் வைத்தால் பசங்க சிரிப்பாங்கண்ணே.

சிம்மக்கல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'வாயில்' போதும். இல்வாய் முன்பின்னாக மாறி வாயில் ஆனது, முன்றில் போல. வாய் என்றால் உள்ளே போவதும் வெளியே வருவதும் அதன் வழியேதான். அதற்கும் மேலே ஒன்று: தொல்காப்பியக் கற்பியல் தோழி, பாணன், விறலியர் எனப் பன்னிரு திறத்தாரை 'வாயில்கள்' என்கிறது. தலைவன் நேரே போய்ச் சொல்ல முடியாததை வாயிலிடம் கொடுக்கிறான்; அது கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உங்கள் ரவுட்டர் பெட்டி செய்வதும் இதுதானே? 'வாயில் மறுத்தல்' என்று அகப்பாட்டில் துறையே உண்டு. 'கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்ட்' என்று திரையில் வருவதற்கும் சொல் ஆயிற்று.

கே.கே. நகர், நெட்வொர்க் வேலை:
ஐயா, ரிஃப்யூஸ்ட் என்று சொல்வது பெரும்பாலும் கேட்வே இல்லை, அந்தக் கடைசியில் இருக்கும் கணினி.

சிம்மக்கல்:
இங்கேயும் மறுப்பது பாணன் இல்லை. தலைவி.

கே.கே. நகர்:
சரணடைந்தேன். 1981-இல் வந்த ஐபி நெறிமுறை ஆவணமும் இன்றைய ரவுட்டரைத்தான் கேட்வே என்கிறது. ஆனால் சிக்கல் 'டிஃபால்ட்'டில். கணினிக்கு அது 0.0.0.0/0, அதாவது எந்த முகவரியும். எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலில் வேறு எந்த வரிக்கும் பொருந்தாத முகவரியெல்லாம் இங்கே வந்து விழும். இதில் இயல்பு எங்கே இருக்கிறது? வேறு போக்கில்லை என்பதுதான் பொருள். 'கடைவழி' என்று வைக்கலாமா?

சிம்மக்கல்:
காதற்ற ஊசியும் கூட வராது என்று பட்டினத்தார் சொன்னது எந்த வழிக்கு? போன பாக்கெட் திரும்ப வேண்டாமா?

மேலூர்:
டிஃபால்ட்டுக்கு 'முன்னிருப்பு' என்றும் எழுதுகிறார்கள். பி.காம். படிக்கும் மகளிடம் கேட்டேன், "நேத்துக் கையிருப்பாப்பா?" என்றாள்.

தெற்குவாசல்:
'வெளிவாசல்' என்று வையுங்கள். நான் இருக்கும் பேட்டையில் வாசலும் இல்லை, கோட்டையும் இல்லை; பிளாக்பர்ன் மதுரைக் கலெக்டராக இருந்த காலத்தில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தாயிற்று, அந்த இடத்தில்தான் வெளி வீதிகள். பெயர் மட்டும் நிற்கிறது. ஆட்டோக்காரர் யாரும் எந்த வாசல் என்று கேட்டதில்லை.

சிம்மக்கல்:
வாசல் மரூஉ, வாயில் மருவி வந்தது. பாடநூலுக்கு ஆகாது.

தெற்குவாசல்:
ஐயா, இயல்பு வழக்கு மூன்றில் உங்கள் வாயில் போன்ற இலக்கணப்போலியும் ஒன்று, மரூஉவும் ஒன்று. உங்கள் வாயிலுக்கு இலை, என் வாசலுக்குத் திண்ணையா?

(இதற்குமேல் நன்னூல் பற்றி ஒன்பது மடல்கள். கையேடு பற்றி அவற்றில் ஒரு வரி கிடையாது.)

டவுன்ஹால் ரோடு, கணினிக் கடை:
எங்ககிட்ட வர்ற பையனைக் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: "ஐபி போட்ட, கேட்வே போட்டியா?" இதுல என்ன விளங்கலை? அதைவிட, அடிச்ச கட்டளை ரீஸ்டார்ட் பண்ணா போயிரும்னு கையேட்டுல பெரிய எழுத்துல போடுங்க. பாதிப் பேரு அதுக்குத்தான் கடைக்கு வர்றாங்க.

திருமங்கலம்:
அதைச் சேர்த்துவிட்டேன், நன்றிண்ணே. வியாழன் இரவு பதினொன்றரை. 'இயல்புநிலை வாயில்' என்று போட்டு அனுப்புகிறேன். முன்பாதி மேலூருக்கு, பின்பாதி ஐயாவுக்கு. வெளிவாசலுக்கு இரண்டே பேர். அதில் நானும் ஒருவன்.

சிம்மக்கல்:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். 'இயல்புநிலை' ஒட்டுப்போட்ட சொல். ஏழாம் பக்கத்தில் சப்நெட் மாஸ்க்குக்கு (முகவரியில் நெட்வொர்க் பகுதி எதுவரை என்று காட்டும் எண்ணுக்கு) 'முகமூடி' என்றிருக்கிறது. அதற்குத் தனி மடல் வரும்.