படத்தில் வரும் நாய்ஸ்: இரைச்சலா, குருணையா, நொய்யா?

ஏற்காடு, வகுப்பு நடத்தும் ஆசிரியை:

அன்பர்களுக்கு வணக்கம். படத்தில் வரும் 'நாய்ஸ்' (noise) என்பதற்கு அவசரமாக ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்.

ஏற்காட்டில் காப்பித்தூள், மிளகு, தேன் விற்கும் பெண்களுக்குப் போனில் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறேன். பலர் இருபதாயிரம் ரூபாய்க்குள் புதுப் போன் வாங்கப் போகிறவர்கள். கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பாமல், தாங்களே கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்ய ஒரு சின்னக் கையேடு எழுதியிருக்கிறேன். முன்பாதி போனின் வடிவமைப்பு, பின்பாதி கேமரா. சனிக்கிழமை மாலைக்குள் சேலத்தில் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

வடிவமைப்பில் பெரிய சிக்கல் இல்லை. பின்பக்கம் துருத்திக்கொண்டிருப்பதைக் 'கேமரா மேடு' என்றும், திரையைச் சுற்றிய கறுப்பு ஓரத்தைக் 'கரை' என்றும் எழுதிவிட்டேன். பட்டுவேட்டி நெய்கிற ஊரில் கரை என்றால் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

சிக்கியது கேமராவில். லேடீஸ் சீட் என்ற மலைக் காட்சிமுனையில் நின்று, இருட்டிய பிறகு கீழே தெரியும் சேலத்து விளக்குகளை இரண்டு போன்களில் எடுத்தோம். பெரிதாக்கிப் பார்த்தால், ஒன்றில் கறுப்பு வானம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் பொடிப்பொடியாக ஏதோ இறைந்து கிடக்கிறது. இன்னொன்றில் வானம் வழவழவென்று சுத்தம். ஆனால் தெருவிளக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மஞ்சள் கோடாகிவிட்டன, பக்கத்து மரக்கிளையில் இலைகள் தனித்தனியாக இல்லை, பச்சைப் பூச்சாக இருக்கின்றன. முதலாவது நாய்ஸ். இரண்டாவது, நாய்ஸை நீக்கப் போன மென்பொருள் செய்த சேதம். இரண்டையும் பெயர் சொல்லிக் காட்டினால்தான் இரண்டு போனையும் ஒப்பிட முடியும்.

அகராதிச் சொல் 'இரைச்சல்'. வகுப்பில் 'இந்தப் படத்தில் இரைச்சல் அதிகம்' என்றேன். 'இது வீடியோங்களா டீச்சர்?' என்று கேட்டார் ஒரு அம்மா. அவர் கேட்டதில் தப்பே இல்லை.

சூரமங்கலம், மின்னணுவியல் ஆசிரியர்:

அம்மா, இரைச்சலை மாற்றாதீர்கள். வானொலியில் கேட்கும் கரகரப்பும் படத்தில் தெரியும் பொடியும் ஒரே கணக்குக்குக் கட்டுப்பட்டவை. கேமராவில் ஒளியைப் பதியும் சில்லான உணரியில் ஒரு படப்புள்ளியின் மேல் சராசரியாக நூறு ஒளித்துகள் விழுகிற இடத்தில், ஒவ்வொரு முறையும் சரியாக நூறு விழாது. பத்து கூடும், பத்து குறையும். பத்தாயிரம் விழுகிற இடத்தில் நூறு கூடும், குறையும். அதாவது நல்ல வெளிச்சத்தில் ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஒன்று, இருட்டில் நூற்றுக்குப் பத்து. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் உணர்திறன் எண்ணைக் கூட்டினால் விழும் ஒளி அதிகமாகாது. வந்ததும் வேண்டாததும் சேர்ந்து பெருகும், அவ்வளவுதான்.

ஒரே நிகழ்வுக்குக் காதுக்கு ஒரு பெயர், கண்ணுக்கு ஒரு பெயர் என்று வைத்தால், நாளைக்கு உங்கள் வகுப்பில் இருக்கும் அம்மாவின் மகள் என் வகுப்புக்கு வரும்போது இரண்டும் ஒன்று என்று நான் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். 'சைகை-இரைச்சல் விகிதம்' என்று பாடமாகிவிட்டது. ஆங்கிலத்திலும் சத்தத்தைக் குறித்த சொல்தான் படத்துக்கும் போனது. அவர்கள் பழகிக்கொண்டார்கள், நாம் மட்டும் ஏன் பழக மாட்டோம்?

அம்மாபேட்டை, ஒளிப்படக் கலைஞர்:

அக்கா, ஸ்டூடியோவில் நாங்கள் யாரும் இரைச்சல் என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'கிரெயின்ஸ் அடிக்குது' என்போம். பிலிம் காலத்துப் பேச்சு அது. பிலிமில் வெள்ளி உப்பின் மணிகள் இருந்தன. குறைந்த வெளிச்சத்துக்கான வேகமான பிலிமில் மணி பெரிது, அதனால் படம் சொரசொரப்பாகத் தெரியும். டிஜிட்டலில் மணி இல்லை, பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

சொல்லை நீங்களே முடிவு செய்யுங்கள். கையேட்டில் இதை மட்டும் கட்டாயம் போடுங்கள்: கடையின் வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் எந்தப் போனும் நன்றாகத்தான் எடுக்கும். மேசைக்கு அடியில் குனிந்து, இருட்டில் ஒன்று எடுத்து, பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 50 மெகாபிக்சல் என்று அட்டையில் இருந்தாலும், பெரும்பாலான போன்களில் நான்கு புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம்தான் வழக்கமாக வரும். அது குறையில்லை, இருட்டில் அதுதான் காப்பாற்றுகிறது. அகன்ற காட்சியை எடுக்கும் அகலக் கேமராவைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இந்த விலையில் அதன் உணரி சிறியது, மாலை ஆறு மணிக்கே பொடி தெரிய ஆரம்பித்துவிடும். மிக அருகில் எடுப்பதற்கான 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவை எண்ணிக்கையிலேயே சேர்க்க வேண்டாம். கேமரா மேட்டைப் பற்றி ஒரு வரி: போனை மேசையில் மல்லாக்க வைத்து ஒரு மூலையில் தட்டிப் பார்க்கட்டும். மேடு ஒரு பக்கமாக இருந்தால் ஆடும், அதன் மேல் வைத்துக் கணக்கு எழுத முடியாது.

செவ்வாய்ப்பேட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி சொன்ன கிரெயின்ஸைப் பிடித்துக்கொண்டு போவோம். மணி என்பது முழுத் தானியம். படத்தைக் கெடுப்பது முழு மணி அல்ல, உடைசல். அதற்குத் தமிழில் பெயர் இருக்கிறது: குருணை. லீ பஜாரில் அரிசி வாங்கிய எவருக்கும் அதை விளக்க வேண்டாம். குறுநொய் என்பதே வாய்வழக்கில் குறுணை, குருணை ஆயிற்று. உரக்கடையிலும் 'குருணை மருந்து' என்றுதான் கேட்கிறார்கள், ஆகவே தொழிலில் ஏற்கெனவே புழங்கும் சொல்.

ஆனால் எனக்குக் குருணையை விட அதன் மூலமான 'நொய்' மேல்தான் ஆசை. நொய், நொய்ய, நொய்ம்மை, நொசிவு, நொறுங்கு, நுண், நுணுகு என்று இந்தக் குடும்பம் முழுவதும் சிறுமையையும் மென்மையையும் சொல்கிறது. நொய்யரிசி இன்றும் வழக்கில் இருக்கிறது. ஓரசைச் சொல். 'நொய்நீக்கம்', 'நொய்யளவு', 'வண்ணநொய்' என்று எதனோடும் ஒட்டும். காதுக்கு நாய்ஸோடும் பொருந்திப் போவதால் ஆங்கிலம் பழகியவர்களும் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

சூரமங்கலம்:

ஐயா மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஒலி ஒற்றுமை ஆதாரமாகாது. அந்த ஆங்கிலச் சொல்லை லத்தீனில் கடல் குமட்டலைக் குறித்த சொல்லோடுதான் அகராதிகள் சேர்க்கின்றன. நொய்யோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை.

ஓமலூர், பள்ளி ஆசிரியை:

நொய் என்று அச்சடித்தால் பாதிப் பேர் நோய் என்று படிப்பார்கள். மெய்ப்புப் பார்க்கிறவரே எழுத்துப்பிழை என்று திருத்திவிடுவார். 'இந்தப் போனில் நோய் அதிகம்' என்று வந்தால் யார் பொறுப்பு?

ஆத்தூர், மின்பொறியாளர்:

எல்லோரும் அரிசியிலேயே நிற்கிறீர்கள். வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். மின்னோட்டத்தில் வரும் இந்த ஏற்ற இறக்கத்தை 1918-ல் விளக்கியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் வால்டர் ஷாட்கி. அவர் வைத்த பெயரின் முதற்பாதி 'ஷ்ரோட்'. ஜெர்மனில் அதற்கு இரண்டு பொருள்: வேட்டைத் துப்பாக்கியில் போடும் சின்னக் குண்டுகள், அப்புறம் ஒன்றிரண்டாக உடைத்த தானியம். இந்த இரண்டு பொருளையும் அப்படியே சுமக்கும் ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. ரவை! உப்புமாவுக்கும் ரவை, துப்பாக்கிக்கும் ரவை. ஈழத்தமிழர் துப்பாக்கிக் குண்டை ரவை என்றே எழுதுகிறார்கள். ஷாட்கி தமிழராக இருந்திருந்தால் வேறு சொல்லைத் தேடியிருக்க மாட்டார். உணரியின் மேல் ஒளித்துகள்கள் தனித்தனியாக, ஒழுங்கில்லாமல் வந்து விழுவதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் நிறைய, அதனால் 'ஜவ்வரிசி' என்றும் ஒரு நண்பர் சொன்னார். அது ஒரே அளவாக உருண்டு திரண்டு வருவது. இதற்கு ஒத்துவராது.

ஓமலூர்:

அண்ணா, ரவை வடக்கிலிருந்து வந்த சொல். ரகரம் மொழிக்கு முதலில் வராது, 'இரவை' என்றுதான் எழுத வேண்டும். அப்படி எழுதினால் 'இரவைக் குறை' என்பது இராத்திரியைக் குறை என்று ஆகிவிடும். அதுவும் இரவுப் படத்தைப் பற்றிய பக்கத்தில்.

ஆத்தூர்:

வடசொல்லை எழுத்து மாற்றி ஏற்க இடம் கொடுத்தவர் தொல்காப்பியர். ஆயிரக்கணக்கான வீடுகளில் காலையில் சமைக்கிற பொருளின் பெயர் தமிழில்லை என்றால், கேமராவும் தமிழில்லை, போனும் தமிழில்லை. அவற்றை இந்த மடலிலேயே எல்லோரும் கூசாமல் எழுதுகிறோம். தூய்மையை ஒரு சொல்லிடம் மட்டும் கேட்பது நியாயமா?

செவ்வாய்ப்பேட்டை:

ஆத்தூர்த் தம்பியின் ஷாட்கி செய்தி எனக்கு மெய்சிலிர்ப்பாக இருந்தது. ஆனால் பாருங்கள், உடைத்த தானியம்தான் அந்த ஜெர்மன் சொல்லின் ஒரு பொருள் என்றால், அது குருணைக்கும் சாட்சிதான்.

இந்த ஊரில் உட்கார்ந்து இதைப் பேசுவதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1916-ல் ராஜாஜி இதே சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோதுதான் தமிழில் அறிவியல் சொற்களை ஆக்கச் சங்கம் வைத்தார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம் என்று எல்லாவற்றுக்கும் சொல் தேடினார்கள். அன்றைக்கு இந்த வேலைக்கே 'பரிபாஷை' என்று பெயர். இன்று கலைச்சொல் என்கிறோம். எனவே முதலில் வந்த சொல்லே கடைசிவரை நிற்க வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. பாடநூலில் இரைச்சல் இருக்கட்டும். படத்துக்கு இன்னும் நல்லது கிடைத்தால் விடுவானேன்?

ஏற்காடு:

ஐயா, எல்லாவற்றையும் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். நொய்க்கு ஓமலூர் டீச்சர் பயந்தபடியே ஆயிற்று. ரவை என்றதும் சிரித்தார்கள், ஆனால் புரிந்தது. குருணை என்றதும் ஒருவர் படத்தைத் திருப்பிப் பக்கத்திலிருப்பவரிடம் காட்டி, 'ஆமா, இந்த மூலையில குருணை ஜாஸ்தி' என்றார். நான் விளக்கவே இல்லை.

இப்போது எனக்கு வினைச்சொல் வேண்டும். மென்பொருள் செய்வதற்கு என்ன பெயர்? 'நீக்கம்' என்பது போதவில்லை. அந்த வழவழப்பான படத்தில் குருணை மட்டும் போகவில்லை, இலையின் நரம்பும் போய்விட்டது.

செவ்வாய்ப்பேட்டை:

அம்மா, முறம் பிடித்த தலைமுறையிடம் இதற்குத் தனித்தனி வினைகள் இருந்தன. உமியும் தூசியும் போகப் புடைத்தல். கல்லையும் குருணையையும் ஒதுக்கக் கொழித்தல். இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கத் தெள்ளுதல். புடைத்தலை விட்டுவிடுங்கள், கேமரா மேட்டைப் 'புடைப்பு' என்கிறவர்களும் இருக்கிறார்கள், குழம்பும். தெள்ளுதலைப் பாருங்கள். தெள், தெளி, தெளிவு, தெள்ளிய எல்லாம் ஒரே வேர். குருணையைப் பிரிக்கிற வினையே படம் தெளிவதையும் சொல்லிவிடுகிறது. 'குருணை தெள்ளல்' என்று வையுங்கள். அளவுக்கு மீறித் தெள்ளினால் வருவது 'மழுங்கல்'.

அம்மாபேட்டை:

தெள்ளல் நன்றாக இருக்கிறது ஐயா, ஆனால் என் வயதுக்காரர்களுக்கே தெரியாது. முறத்தைக் கையில் எடுக்காத பிள்ளைகள் நாங்கள். 'குருணை நீக்கம்' என்றால் யாருக்கும் புரியும். மழுங்கல் அருமை, அதை நான் நாளையிலிருந்தே சொல்லப் போகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இரவுப் பயன்முறை ஒரே படத்தைத் தெள்ளுவது மட்டுமில்லை. அடுத்தடுத்துப் பல படம் எடுத்து ஒன்றாக்குகிறது. குருணை ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும், விளக்கு அதே இடத்தில்தான் இருக்கும். நான்கு படத்தைச் சேர்த்தால் குருணை பாதியாகும், ஒன்பதைச் சேர்த்தால் மூன்றில் ஒன்றாகும். கை ஆடாமல் பிடித்தால் மழுங்காமலே நல்ல படம் வரும். லென்ஸே அசைந்து நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி முதன்மைக் கேமராவில் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இந்த விலையில் அது இருந்தால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஏற்காடு:

சனிக்கிழமை ஆகிவிட்டது. இந்த இழையில் பேசியவர்களில் அதிகம் பேர் குருணைப் பக்கம். கையேட்டில் குருணை, குருணை நீக்கம், மழுங்கல் மூன்றும் போகின்றன. குருணை முதலில் வரும் இடத்தில் 'பாடநூல்களில் இரைச்சல் என்பார்கள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன், சூரமங்கலம் சார் சொன்ன அந்த மகளுக்காக. தெள்ளலை விட மனமில்லை. ஆனால் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் நிற்கப் போகிறவரை நினைத்துத்தான் முடிவு செய்தேன். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆத்தூர்:

ரவைக்கு ஒரு வாக்கு என்று பதிந்துகொள்ளுங்கள். ஷாட்கியின் பக்கத்தில் நிற்கிறேன்.

சூரமங்கலம்:

கையேட்டுக்கு வாழ்த்துகள். அந்த ஒரு வரிக்கு நன்றி. ஆனால் என் மறுப்பு மறுப்புதான், குழுவின் சொற்பட்டியலில் அதையும் சேர்த்து எழுதுங்கள். காரணம் பிடிவாதம் இல்லை. மலிவான உணரியில் இருட்டுப் பகுதியை வெளிச்சமாக்கினால் சில சமயம் பொடியாக வராது, குறுக்கே வரிவரியாக வரும். அதுவும் இந்த இனம்தான். ஒவ்வொரு வரிசையையும் படிக்கும் மின்சுற்றில் பிறப்பது. அதைப் பார்த்து யாரும் குருணை என்று சொல்ல மாட்டார்கள். இரைச்சல் என்றால் இரண்டும் அடங்கும். குருணை என்று வைத்துவிட்டால் அந்த வரிகளுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

ஓமலூர்:

'வரியோட்டம்'?

செவ்வாய்ப்பேட்டை:

'கீற்று' என்று வைக்கலாமா? கீறு என்பதிலிருந்து வருவது. தென்னங்கீற்றும் அதுதான், மின்னல் கீற்றும் அதுதான். விரிவாக நாளைக் காலையில் எழுதுகிறேன்.