கெனன் 700டி-யை மாற்றுவதா, லென்ஸ் வாங்குவதா? மாசிக்கு முன் ஒரு முடிவு வேண்டும்

கொட்டகலைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது கெனன் 700டி. அதோடு வந்த 18-55 லென்ஸும் ஒரு 55-250-உம் இருக்கின்றன. கல்யாணம், பெரியபிள்ளைச் சடங்கு, கோயில் திருவிழா என்று தோட்டத்தில் கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போகிறேன். ஆனால் என் மனம் முழுக்க இருப்பது, சிவன் மதனை எரித்த கதையை ஆடுகிற காமன் கூத்தில்தான். மாசியில் கம்பம் ஊன்றுவதிலிருந்து மதனை எரிக்கிற இரவு வரை எங்கள் தோட்ட டிவிஷன் கூத்தை ஒழுங்காகப் படம்பிடித்து வைக்க வேண்டும். பாட்டுத் தெரிந்த பெரியவர்களுக்கு வயதாகிவிட்டது. பையன்கள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இனித் தள்ளிப்போட முடியாது.

போன மாசியில் எடுத்ததில் பகல் படங்கள் நன்றாக வந்தன. வீரபத்திரன் தீப்பந்தத்தோடு ஆடி வருகிற இரவுப் படங்கள்தான் பெரும்பாலும் கலங்கிப் போயின. கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவான ஐ.எஸ்.ஓ.-வை 6400 வரை ஏற்றித்தான் எடுத்தேன். இப்போது சீட்டுக் காசு கைக்கு வந்திருக்கிறது. பாவித்த கெனன் ஆர்6 கமரா ஒன்று வாங்கினால் முழுக் காசும் அதற்கே போய்விடும். இல்லாவிட்டால் இதே கமராவை வைத்துக்கொண்டு நல்ல லென்ஸாகப் பார்க்கலாம். எது சரி?

ஊவாச்சாரல்

தம்பி, யோசிக்காமல் பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கமராவை, மாற்றுங்கள். 700டி 2013-இல் வந்தது. அதில் ஒன்பது போகஸ் புள்ளிகள்தான், அவையும் நடுவில் கூடிக் கிடக்கின்றன. இருட்டில் -0.5 ஈ.வி. வரைக்கும்தான் அதன் போகஸ் வேலை செய்யும் (ஈ.வி. என்பது வெளிச்ச அளவு, எண் இறங்க இறங்க இருட்டு). அதுகூட அசையாத பொருளுக்குச் சொன்ன கணக்கு. 2020-இல் வந்த ஆர்6, எஃப் 1.2 லென்ஸோடு -6.5 ஈ.வி. வரை போகும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் விடும்). முகத்தையும் கண்ணையும் தானாகவே பிடித்துத் தொடரும். படம் பதிகிற சென்சாரும் பெரிய புல் பிரேம் ரகம் என்பதால் இரவில் படமும் சுத்தமாக வரும்.

நான் இந்தத் தொழிலில் சாப்பிடுகிறவன். மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டு மாப்பிள்ளை பெண்ணை நடத்திக் கூட்டி வரும்போது பழைய பாடி என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும்.

நானுஓயா மேடு

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கைப் பாருங்கள்.

கொட்டகலைக்காரனின் 18-55 லென்ஸ் 55-இல் நிற்கும்போது எஃப் 5.6. அந்த இடத்தில் 50 எஃப் 1.8-ஐ மாட்டினால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். புல் பிரேம் சென்சாரின் பரப்பு நம்முடைய சென்சாரைப்போல் சுமார் 2.6 மடங்கு. அதாவது லென்ஸ் தருவது பத்து, பாடி தருவது இரண்டரை. காசைப் பார்த்தாலோ நேர்மாறு. அந்த 50, கெனன் செய்கிற லென்ஸ்களில் விலை குறைந்தவற்றில் ஒன்று.

பந்த வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 6400, எஃப் 5.6 என்றால் ஷட்டர் திறந்திருக்கிற நேரம் 1/60 வினாடிப் பக்கம் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஆடுகிற மனிதனை 1/60-இல் யாராலும் நிறுத்திப் பிடிக்க முடியாது. அதே வெளிச்சத்தில் எஃப் 1.8 என்றால் 1/500 கிடைக்கும். கை, பந்தம், சடை எல்லாம் அப்படியே நிற்கும். ஆர்6 வாங்கி அதே எஃப் 5.6 லென்ஸை மாட்டினால் அங்கேயும் 1/60தான். மணிமணியாகத் தெரிவது குறையுமே தவிர, கலங்கல் போகாது. கலங்கலைப் போக்க வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ.-வை இன்னும் ஏற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று. அவரிடம் இருக்கிற இரண்டுமே கிராப் லென்ஸ், அதாவது 700டி-யில் இருப்பது போன்ற சின்ன சென்சாருக்கென்று செய்தவை. அடாப்டர் போட்டு ஆர்6-இல் மாட்டலாம், ஆனால் கமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். 20 மெகாபிக்சல் கமரா 8-க்கும் கீழே இறங்கிவிடும். பாடிக்கு முழுக் காசையும் கொட்டிவிட்டு லென்ஸுக்கு எங்கே போவார்?

ஊவாச்சாரல்

எஃப் 1.8 என்று சொல்வது சுலபம். 700டி-யில் லென்ஸுக்கு ஏற்றபடி போகஸைத் திருத்துகிற வசதி கிடையாது. லென்ஸ் கொஞ்சம் முன்னால் போகஸ் பண்ணுகிற ரகமாக வந்து வாய்த்தால் அதோடு காலம் தள்ள வேண்டியதுதான். ஆர்6 மாதிரி உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராவில் சென்சாரே போகஸ் பார்ப்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. 1/500-இல் எடுத்து, மூக்கு தெளிவாக, கண் மங்கலாக வந்தால் அந்தப் படத்தை யாருக்குக் கொடுப்பது?

அதோடு கூத்து என்றால் ஒரு முகம் மட்டுமா? பொட்டலைச் சுற்றி நிற்கிற சனம், தப்படிக்கிறவர்கள், ரதியும் மதனும் எல்லாம் ஒரே படத்தில் வர வேண்டாமா? அதற்கு 18 மி.மீ. மாதிரி அகலமாகப் பிடிக்கிற லென்ஸ் வேண்டும். உங்களுடைய 50 கிராப் கமராவில் 80 மாதிரி இறுகிப்போகும். 18-இல் அவருடைய பழைய லென்ஸே எஃப் 3.5. எஃப் 2.8 ஸூம் ஒன்று வாங்கினாலும் அந்த இடத்தில் ஒன்றரை மடங்குதான் கூடும். அங்கே உங்கள் பத்து மடங்குக் கணக்கு நிற்காது.

நுவரெலியாக் குருவி

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். புல் பிரேம் என்றாலே உயர்வு என்று பேசிக்கொண்டு போகாதீர்கள். நான் எடுப்பது குருவிகளை. குளிர்காலத்தில் விக்டோரியா பூங்காவில் ஆறுமணிக்குருவி வந்து சருகைக் கிளறும்போது கிராப் சென்சாரின் 1.6 மடங்கு நெருக்கம் எனக்குப் பெரிய வரம். ஹோர்ட்டன் சமவெளிக்கும் அதைத்தான் கொண்டு போகிறேன். 55-250 லென்ஸை அவர் எதற்காவது பாவிக்கிறார் என்றால் அதையும் கணக்கில் எடுங்கள்.

நானுஓயா மேடு

ஊவாச்சாரல் அண்ணே, அகலப் படத்தைப் பற்றிச் சொன்னது நியாயம். அதற்கு அப்புறம் வருகிறேன். போகஸ் பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்க முடியாது. 700டி-யில் 50 எஃப் 1.8 போட்டு 3 மீட்டர் தள்ளி நின்றால், தெளிவாக வரும் ஆழம் கால் மீட்டர் அளவுக்கு இருக்கும். முகம் முழுக்க அதற்குள் அடங்கும். 5 மீட்டர் என்றால் அரை மீட்டருக்கும் மேல். மூக்கு, கண் என்று பிரிகிற தொல்லையெல்லாம் முகத்துக்குப் பக்கத்தில் போய் எடுக்கும்போதுதான். கூத்தில் பந்தம் சுழல்கிற இடத்துக்கு யார் அவ்வளவு கிட்டப் போகப் போகிறார்கள்?

கொட்டகலைக்காரனிடம் ஒரு வேலை சொல்கிறேன். போன மாசிப் படங்களைக் கம்பியூட்டரில் முழு அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். பின்னால் நட்ட கம்பமும், சும்மா நிற்கிற ஆட்களும் தெளிவாக இருந்து, ஆடுகிறவர் மட்டும் இழுபட்டிருந்தால் அது ஷட்டர் பிரச்சினை. ஆடுகிறவர் மங்கலாகவும், அவருக்கு முன்னாலோ பின்னாலோ வேறொன்று தெளிவாகவும் இருந்தால் போகஸ். எல்லாம் தெளிவாக இருந்து மணல் தூவின மாதிரி தெரிந்தால்தான் சென்சார். மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. எது என்று தெரியாமல் சீட்டுக் காசை எடுக்காதீர்கள்.

கொட்டகலைக்காரன்

நேற்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் கம்பத்தில் கட்டிய வைக்கோல் பிரி தெளிவாக எண்ணிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. வீரபத்திரனின் தோளும் பந்தம் பிடித்த கையும்தான் கோடாக இழுபட்டிருக்கின்றன. ஷட்டர் 1/40, 1/60 என்று காட்டுகிறது. வேறு சிலவற்றில் பந்தம் தெளிவு, முகம் இல்லை. கமரா நெருப்பைப் பிடித்துக்கொண்டது போல. மணல் மாதிரி இருப்பது எல்லாவற்றிலும் உண்டு, ஆனால் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பந்த வெளிச்சத்துக்கு அது ஒத்துத்தான் போகிறது.

பிளாஷ் போடுங்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். பிளாஷ் விழுந்ததும் முகத்துப் பூச்சு வெளுத்து, நெருப்பின் செம்மை காணாமல் போய்விடும். ஆடுகிறவர் அருள் வந்து நிற்கிற நேரத்தில் கண்ணில் பளிச்சென்று அடிப்பதும் மரியாதை இல்லை.

மாத்தளைத் தேர்

பிளாஷ் வேண்டாம் என்று சொன்னதற்கே தம்பிக்கு என் நன்றி. மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர் வரும்போது நானும் அப்படித்தான் எடுப்பேன்.

காசு விஷயத்தில் ஒரு அக்காவாகச் சொல்கிறேன். பாடியின் விலையோடு கதை முடியாது. 700டி-யின் பெட்டரி ஆர்6-க்குச் சரிவராது, அது வேறு ரகம். விடிய விடிய நடக்கிற கூத்துக்கு இரண்டு, மூன்று வேண்டும். அடாப்டர் வாங்க வேண்டும். கமரா பதிகிற மூலக் கோப்பான ரோ பைலும் புது ரகம். படம் திருத்துகிற பழைய லைட்ரூம் 6 மென்பொருள் வைத்திருந்தால் அதில் திறக்காது. கெனன் இலவசமாகத் தருகிற மென்பொருளில் திறக்கலாம்தான், ஆனால் பழைய லெப்டொப்பில் பொறுமை வேண்டும். 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 பக்கம் போனதையும், 2024-இல் வற் வரி 18 சதவீதமானதையும் நாமெல்லாம் பார்த்தோம். இங்கே கமராச் சாமான் ஒருமுறை வாங்கினால் பல வருஷம் வைத்து உழைக்க வேண்டும். சீட்டு எடுத்த பிறகும் மாதாமாதம் கட்ட வேண்டிய பணம் இருக்கிறதே, அதையும் நினையுங்கள்.

அப்புறம் நம் மலையின் ஈரம். மூடுபனியில் போய்வந்த கமராவை அப்படியே பையில் போட்டு அலுமாரியில் வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் வந்துவிடும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நின்றால் பயமில்லை. மூடி இறுகுகிற பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரம் காட்டுகிற சின்ன மீட்டர், இவ்வளவும் போதும். என்ன வாங்கினாலும் அதற்கு முதல் இதை வாங்குங்கள்.

ஊவாச்சாரல்

அக்கா சொன்ன செலவெல்லாம் உண்மைதான். ஆனால் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. தம்பி கல்யாணமும் எடுக்கிறார். 700டி-யில் ஒரு கார்ட்தான் போகும். தாலி கட்டுகிற நேரம் அந்தக் கார்ட் கெட்டுப்போனால் திரும்ப எடுக்க முடியாது. அந்தக் குடும்பம் கடன் வாங்கிக் கல்யாணம் நடத்தியிருக்கும். ஆர்6-இல் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியலாம். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை எடுக்கிறவனுக்கு இது ஆடம்பரம் கிடையாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

நானுஓயா மேடு

இரண்டு கார்ட் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அது வேண்டும். அதற்குப் புல் பிரேம் எதற்கு என்பதுதான் என் கேள்வி. 2022-இல் வந்த ஆர்7 கிராப் கமராதான். அதிலும் இரண்டு கார்ட் போகும், இருட்டில் -5 ஈ.வி. வரை போகஸ் வரும்.

இப்போது அகலப் படத்துக்கு வருகிறேன். சிக்மாவின் 18-35 எஃப் 1.8 கிராப் கமராவுக்கென்றே செய்தது. 18-இல் எஃப் 3.5-க்குப் பதில் 1.8 என்றால் நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான வெளிச்சம். புல் பிரேம் தருகிற 2.6-ஐவிட அது கூட. கனம் 800 கிராமுக்கு மேல், கை வலிக்கும், அது உண்மை. நீங்கள் சொன்ன முன்போகஸ் பிரச்சினைக்கும் வழி இருக்கிறது. சிக்மா விற்கிற யு.எஸ்.பி. டொக்கில் அந்த லென்ஸை மாட்டி, கம்பியூட்டரில் வைத்தே போகஸைத் திருத்தலாம். கமராவில் அந்த வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கு ஆர்7 வாங்கினால் அடாப்டரோடு இதே லென்ஸ் முழு அளவுக்கு வேலை செய்யும். ஆர்6-க்குப் போனால் இதுவும் வெட்டுப்படும்.

ஊவாச்சாரல்

டொக் விஷயம் நல்ல யோசனை, அதை ஏற்கிறேன். ஆனால் நெருப்பைப் பிடித்து முகத்தை விடுகிற பிரச்சினை லென்ஸ் மாற்றினால் தீராது. அதற்கு முகத்தைத் தேடிப் பிடிக்கிற பாடி வேண்டும்.

நானுஓயா மேடு

ஒன்பது புள்ளியையும் கமராவின் கையில் விட்டால் அது கிட்ட இருப்பதற்கோ, வெளிச்சமும் இருளும் பளிச்சென்று பிரிகிற இடத்துக்கோதான் போகும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, தொடர் போகஸைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிப் பழகச் சொல்லுங்கள். முகத்தை நடுவில் வைத்தே எடுத்துவிட்டு, பிறகு ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். 18 மெகாபிக்சல் அதற்குத் தாராளம். நூற்றுக்கு நூறு வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது வருவதைவிட மிக அதிகம் வரும்.

கொட்டகலைக்காரன்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படி முடிவெடுத்திருக்கிறேன். மாசிக்கு முதல் 50 எஃப் 1.8 புதிதாக, 18-35 பாவித்தது, கூடவே டொக். 55-250-ஐக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன், அதையும் வைத்துக்கொள்கிறேன். மிச்சக் காசு அப்படியே இருக்கட்டும். ஆர்7-க்குச் சேர்ப்பேன்.

ஊவாச்சாரல் அண்ணே, நீங்கள் தாலி கட்டுகிற நேரத்தைப் பற்றிச் சொன்னது மனதில் நிற்கிறது. இரண்டு கார்ட் போகிற பாடி கைக்கு வரும்வரை கல்யாணத்துக்குத் தனியாகப் போக மாட்டேன். இன்னொருவர் முதல் கமராவாக நின்றால் மட்டும் போவேன்.

ஊவாச்சாரல்

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதும் பாடிதான் வாங்குவேன். ஆனாலும் கல்யாணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது மனிதர் பேசுகிற பேச்சு. பண்டாரவளைப் பக்கம் எனக்கு வேலை வரும்போது சொல்கிறேன், இரண்டாவது கமராவாக வந்து நில்லுங்கள்.

மாத்தளைத் தேர்

பாவித்த 18-35 எடுக்கும்போது காசு கொடுப்பதற்கு முன் லென்ஸின் பின்பக்கத்தால் போன் டோர்ச் அடித்து, முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள். உங்கள் கமராவிலேயே மாட்டி, எஃப் 1.8-இல் கிட்டத்திலும் தூரத்திலும் சில படம் எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். டொக் கையில் இருந்தாலும் லென்ஸின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக வந்தால் அதைத் திருத்த முடியாது.