படத்தின் முடிவைத் தொடர் மாற்றி எழுதலாமா?

மாறன்:
குடும்பத் திரைப்படம் ஒன்றை அனிமேஷன் தொடராக நீட்டும்போது படத்தின் முடிவுக்குக் கட்டுப்படத் தேவையில்லை என்பது என் வாதம். 1995இல் வெளிவந்த 'ஜுமாஞ்சி'யைப் பாருங்கள். 1969இல் ஆலன் என்ற சிறுவனை ஒரு மந்திரப் பலகை ஆட்டம் உள்ளே இழுத்துக்கொள்கிறது; 26 ஆண்டுகள் கழித்து ஜூடி, பீட்டர் என்ற குழந்தைகள் அதே ஆட்டத்தைத் தொடர, அவன் பெரியவனாக வெளியே வருகிறான். ஆட்டம் முடிந்ததும் காலம் 1969க்கே திரும்பிவிடுகிறது; ஆலன் மீண்டும் சிறுவனாகிறான், ஜூடியும் பீட்டரும் அந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை என்றாகிறது. இதற்குமேல் சொல்லக் கதை ஏது? அதனால்தான் 1996இல் தொடங்கிய தொடரில் ஆலனை ஆட்டத்துக்குள்ளேயே அடைத்துவைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு விடுகதையோடு குழந்தைகள் உள்ளே இழுக்கப்படுவதாகவும், அதற்கு விடை கண்டால்தான் வெளியேற முடியும் என்றும் அமைத்தார்கள். எந்த வாரம் பார்த்தாலும் குழந்தைக்குக் கதை பிடிபட்டுவிடும்.

இளம்பரிதி:
கதை பிடிபடும், பதைப்புத்தான் இருக்காது. ஆலன் விடுபட்டால் தொடரே முடிந்துவிடும் என்பது பார்க்கிற குழந்தைக்கும் தெரியும் அல்லவா? மாறாக, 'டேங்கில்ட்' படத்தின் முடிவில் இளவரசி ரபுன்செலின் மந்திரப் பொற்கூந்தல் கண்ணாடித் துண்டால் அறுபட்டு, பழுப்பேறி மந்திரத்தை இழக்கிறது. 2017இல் வந்த தொடர் அந்தப் பொற்கூந்தலை மீட்டது உண்மைதான். ஆனால் அது அறுபட்டதை மறைக்காமல், மீண்டும் ஏன் வளர்ந்தது என்பதையே புதிராக வளர்த்துச் சென்றது. முடிவை மதித்தும் தொடர் எடுக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

பூங்கொடி:
இருவரும் கதையிலேயே நிற்கிறீர்கள். கணினி வரைகலையில் அந்தக் கூந்தலை இழை இழையாக அசைத்த படத்தின் செலவைத் தொலைக்காட்சி தாங்காது. அந்தத் தொடர் இருபரிமாண ஓவியமாக வந்ததை நான் குறையாகக் கருதவில்லை. குரலும் அப்படித்தான். 'அலாவுதீன்' படத்தில் பூதத்துக்குக் குரல் கொடுத்த ராபின் வில்லியம்ஸ் தொடரில் கொடுக்கவில்லை. டான் காஸ்டெல்லனெட்டா கொடுத்தார், 86 எபிசோடுகள் ஓடின. (எனக்கு மட்டும் அந்தக் குரல் கடைசிவரை ஒட்டவில்லை.)

மாறன்:
பரிதி, மதிப்பதற்கும் ஒரு விலை உண்டு. 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' படத்தின் தொடர் 2012இல் தொடங்கியது, இரண்டாம் படம் 2014இல் வந்தது. நாயகன் ஹிக்கப்பின் தாய் உயிரோடிருக்கும் செய்தியை அந்தப் படம் தனக்கென வைத்திருந்ததால், தொடரால் அதைத் தொட முடியவில்லை.

இளம்பரிதி:
தொடாததால்தான் வேறொன்று கிடைத்தது. மனிதரும் டிராகன்களும் சேர்ந்து வாழத் தொடங்குவதோடு முதல் படம் முடிகிறது; ஊருக்குள் புகுந்த டிராகன்கள் சேமித்த உணவைச் சூறையாடினால் என்ன ஆகும் என்று தொடர் கேட்டது. 'ஜுமாஞ்சி'யிலும் இப்படியொரு வாய்ப்பு இருந்தது. 1969க்குத் திரும்பிய ஆலனுக்கும், அவனோடு ஆட்டத்தைத் தொடங்கிய சிறுமி சாராவுக்கும் 26 ஆண்டு நினைவுகள் அழியவில்லை. நடுவயது நினைவோடு பள்ளிக்குப் போகும் அந்த இரு சிறுவர்களைவிடச் சிறந்த தொடர் நாயகர்கள் யார்?

மாறன்:
படம் பார்த்த நமக்கு அது சுவைக்கும். படத்தையே பார்க்காமல் ஏழாவது எபிசோடில் வந்து உட்காரும் குழந்தைக்கு, அந்த 26 ஆண்டுகளை ஒவ்வொரு வாரமும் யார் விளக்கிக்கொண்டிருப்பது?